பூஞ்சைக் கடலையும் ஒரு ஃபார்வேர்டும்

செல்வி அத்தை: பூஞ்சை பிடிச்ச வேர்க்கடலைய தயிர்ல ஊற வெச்சா, அதுல இருக்குற நல்ல பாக்டீரியா விஷத்தைத் தின்னுடுமாம். ஃபார்வேர்டு வந்துச்சு. மீனா, நிஜமாடி?

முரளி மாமா: கழுவி வறுத்தா போச்சு. தயிரை எதுக்கு வீணாக்கணும்

மீனா: வறுத்தா கொஞ்சம் குறையும் மாமா, முழுசா போகாது. பூஞ்சை செத்துடும், அது விட்டுட்டுப் போன அஃப்ளடாக்சின் சூட்டுக்கு லேசுல அசையாது. 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழிக்கு மேல செத்ததே கடலைப் புண்ணாக்குல இருந்த இந்த நஞ்சாலதான்.

மீனா: அத்தை, அந்த ஃபார்வேர்டு அரைகுறை. தயிர்ல இருக்குற மாதிரி சில லாக்டிக் அமில பாக்டீரியா அஃப்ளடாக்சினைத் தன் செல் சுவர்ல ஒட்ட வெச்சுக்கும், அவ்வளவுதான். தின்னாது, உடைக்காது. செத்த பாக்டீரியாவே ஒட்ட வெச்சுக்குதுன்னா பாத்துக்கோங்க. ஒட்டினதுலயும் கொஞ்சம் கழண்டு வந்துடும்.

கார்த்தி: அப்போ உடைக்கிற பாக்டீரியாவே இல்லையாக்கா?

மீனா: இருக்கே! கோதுமை, மக்காச்சோளத்துல டியாக்சிநிவலெனால்னு ஒரு பூஞ்சை நஞ்சு வரும். அதோட வீரியமே எபாக்சைடுன்னு, ஒரு ஆக்சிஜனும் ரெண்டு கார்பனும் சேர்ந்த சின்ன வளையத்துலதான் இருக்கு. மாட்டோட முதல் வயித்துல இருந்து எடுத்த ஒரு பாக்டீரியா அந்த வளையத்துல இருக்குற ஆக்சிஜனை உருவிடும். அப்புறம் அது பல்லு புடுங்கின பாம்பு. இந்த நஞ்சு பன்றிக்கு ஆகவே ஆகாது, தீவனத்தைத் தொடாது. அதனால பன்றித் தீவனத்துல இந்த பாக்டீரியாவைக் கலக்க 2013ல ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி குடுத்துச்சு.

முரளி மாமா: பன்றிக்குக் குடுத்து வெச்சிருக்கு. நமக்கு?

மீனா: உடைஞ்ச துண்டு வேற நஞ்சா மாறலன்னு முதல்ல காட்டணும் மாமா. அதுதான் பெரிய வேலை. அஃப்ளடாக்சினை அழிக்கிற ஒரு பாக்டீரியாவை 1960கள்லயே கண்டுபிடிச்சாங்க. ஆனா அது பளிச்சுன்னு ஆரஞ்சு நிறம் விடும், சாப்பாட்டுல எப்படிச் சேர்க்கிறது!

செல்வி அத்தை: மரவள்ளிய ஊற வெச்சு புளிக்க வைக்கிறாங்களே, அது?

மீனா: அது நல்லாவே வேலை செய்யுது அத்தை. பாக்டீரியா கிழங்கை இளக்கிடும். கிழங்குல இருக்குற நொதியே சயனைடு சேர்மத்தை உடைச்சு விடும், சயனைடு தண்ணியிலயும் காத்துலயும் போயிடும். அந்த முறை கடலைக்கு ஆகாது.

செல்வி அத்தை: சரி, இந்தக் கடலைய மாட்டுக்காவது போடலாமா? அது வயித்துலதான் பாக்டீரியா இருக்குன்னியே

மீனா: ஐயோ அத்தை, அது வேற நஞ்சு! அஃப்ளடாக்சினை மாடு தின்னா எம்1னு இன்னொரு நஞ்சா உருமாறி பால்ல வந்துடும். குப்பையில போடுங்க.

செல்வி அத்தை: கொட்டியாச்சு.

முரளி மாமா: அந்த ஃபார்வேர்டை அனுப்பினது யாருன்னு மட்டும் கேக்காதீங்க