‘ஃபாஸ்ட் ஃபுட் நேஷன்’ புத்தகம் படிச்சுட்டுப் படம் பார்த்தவங்க வாங்க

புத்தகப்பூச்சி:
அமெரிக்க பர்கர் கடைகளுக்குப் பின்னாடி நடக்கிற நிஜத்தைத் தோண்டி எரிக் ஷ்லோசர் எழுதின ‘ஃபாஸ்ட் ஃபுட் நேஷன்’ (2001) படிச்சவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க. ரிச்சர்ட் லிங்க்லேட்டர் அதை 2006-ல கற்பனைக் கதையா மாத்திப் படமா எடுத்தார். கான் விழாவுல போட்டிப் பிரிவுல திரையிட்ட படம். நான் ரொம்பத் தாமதமா போன வாரம்தான் பார்த்தேன். சப்புன்னு போயிடுச்சு.

புத்தகத்துல ஒரு கணக்கு வரும். பழைய சிகாகோ கசாப்புக் கூடங்கள்ல மணிக்குச் சுமார் 50 மாடு வெட்டுவாங்க. பிறகு வந்த ஆலைகள்ல அது 175. ஷ்லோசர் எழுதுற காலத்துல சில இடங்கள்ல 400 வரைக்கும் போயாச்சு. அந்த வேகத்துல கத்தி பிடிக்கிறவனுக்கு நிமிர நேரமில்லை, கையில வெட்டு விழும். குடலை உருவும்போது கிழிஞ்சா சாணி இறைச்சியில சிந்தும். தொழிலாளிக்கு விரல் போறதுக்கும் நம்ம தட்டுக்குக் கிருமி வர்றதுக்கும் காரணம் ஒண்ணேதான். 1993-ல ஜாக் இன் தி பாக்ஸ்ங்கிற கடைகள்ல பர்கர் சாப்பிட்டு 700 பேருக்கு மேல ஈ.கோலை கிருமி தாக்கி, நாலு குழந்தைங்க செத்தாங்களே, அது எப்படி நடந்ததுன்னு அங்கதான் எனக்குப் புரிஞ்சது.

படத்துல ‘மிக்கீஸ்’னு ஒரு கற்பனைக் கம்பெனி. அதோட மார்க்கெட்டிங் ஆளா கிரெக் கின்னியர். இறைச்சியில சாணி கலந்திருக்குன்னு தகவல் வந்து, கொலராடோவுல இருக்கிற ஆலையைப் பார்க்க அனுப்புறாங்க. துப்பறிஞ்சு ஏதோ கண்டுபிடிக்கப் போறார்னு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாதிப் படத்துல மனுஷனைக் காணோம்! அப்புறம் எல்லை தாண்டி வர்ற மெக்சிகோ தம்பதி, கல்லாவுல நிக்கிற பள்ளிக்கூடப் பொண்ணு, ஈதன் ஹாக் வந்து ஒரு சொற்பொழிவு... எல்லாரையும் தொட்டுத் தொட்டு விட்டுட்டுப் போறாங்க. வயித்தெரிச்சல் என்னன்னா, திரைக்கதையில லிங்க்லேட்டரோட ஷ்லோசரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கார். வேற யாரோ கெடுத்துட்டாங்கன்னு திட்டவும் வழியில்லை.

உங்க அனுபவம் எப்படி?

இரவு ஷிப்ட்:
அண்ணை, நான் புத்தகம் வாசிக்கேல்லை, படம் மட்டுந்தான். ஆனா கனடாவுக்கு வந்த புதுசில பர்கர் கடையிலதான் வேலை செய்தனான். கடைப் பேர் வேண்டாம். காதில ஹெட்செட், தலைக்கு மேல ஒரு திரை. காருக்குள்ள இருந்தே சாப்பாடு வாங்கிற டிரைவ் த்ரூவில கார் வந்து நிண்ட நேரம் அதில ஓடும், கூடினால் சிவப்பாகும். சிவப்பைக் கண்டா மனேஜர் வந்து பின்னால நிப்பார். ஃப்ரைஸ் கூடையைத் தூக்கச் சொல்லி மெஷின் கீ கீ எண்டு கத்தும். வீட்டை வந்து படுத்தாலும் அந்தச் சத்தம் காதுக்குள்ள கேட்கும்.

படத்தில அந்தக் கடைக்குள்ள நடக்கிற பகுதி எனக்குப் பொய்யாத் தெரியேல்லை. பெடியள் அலுப்பில கதைக்கிறது, கடையைக் கொள்ளையடிப்பம் எண்டு திட்டம் போடுறது, ஒருத்தன் பர்கரில துப்புறது. நாங்கள் துப்பேல்லை, சத்தியமா! ஆனா அந்த எரிச்சல் எனக்கு வடிவாத் தெரியும். என்ர குறை வேற. அந்தத் திரையும் மணியும் ஆளை என்ன செய்யுது எண்டு படம் காட்டேல்லை. பெடியள் ஏதோ சோம்பேறியள் மாதிரி இருக்கு.

புத்தகப்பூச்சி:
தம்பி, நீங்க சொன்ன அந்தத் திரைதான் மொத்தப் புத்தகமும். 1948-ல மெக்டொனால்டு சகோதரர்கள் சான் பெர்னார்டினோ கடையில சமையலைக் கார் தொழிற்சாலை மாதிரி துண்டு துண்டாப் பிரிச்சாங்க, ஒருத்தன் வறுக்க மட்டும், ஒருத்தன் பொட்டலம் கட்ட மட்டும்னு. தேர்ந்த சமையல்காரனே தேவையில்லாம போனது அங்கதான். படத்துல அதுல ஒரு வரிகூட வரலை.

வாழைக்காய் வறுவல்:
நான் சைவம். அதனால எனக்கு ஃப்ரைஸ் அத்தியாயம்தான் உயிர். 1990 வரைக்கும் அமெரிக்காவுல மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸை மாட்டுக்கொழுப்புலதான் பொரிச்சாங்க. கொலஸ்ட்ரால் பேச்சு வந்ததும் தாவர எண்ணெய்க்கு மாறினாங்க, ஆனா பழைய ருசி போகக்கூடாதே! ‘இயற்கைச் சுவை’ங்கிற பேர்ல மாட்டிறைச்சிச் சாறு தொடர்ந்தது. புத்தகம் வந்த அதே 2001-ல சியாட்டிலில் வழக்கு போட்டாங்க, இந்துக்களும் சைவக்காரங்களும். 2002-ல கம்பெனி மன்னிப்புக் கேட்டு, சைவ, இந்து அமைப்புகளுக்கெல்லாமா சேர்த்து ஒரு கோடி டாலர் தர ஒத்துக்கிச்சு.

நியூ ஜெர்சியில், சாப்பாட்டுக்குச் சேர்க்கிற சுவையும் வாசனையும் தயாரிக்கிற தொழிற்சாலைக்கு ஷ்லோசர் போவாரே, ஞாபகம் இருக்கா? கண்ணை மூடிக்கிட்டு ஒரு காகிதத் துண்டை முகர்ந்து பார்ப்பார். பக்கத்துல யாரோ பர்கர் சுடுற மாதிரி வாசனை. கண்ணைத் திறந்தா வெள்ளைக் காகிதம்தான். படத்திலும் லேப் வருது, வந்த வேகத்துல போயிடுது. அதைவிடச் சினிமாவுக்குன்னே அமைஞ்ச காட்சி அந்தப் புத்தகத்துல உண்டா?

மதுரைப் பார்வையாளன்:
எல்லாரும் ஒரேயடியா அடிக்கிறீங்களே. புரூஸ் வில்லிஸ் காட்சி ஒண்ணு போதாதா? பர்கரைக் கடிச்சுக்கிட்டே, கொஞ்சம் மலம் எல்லாரும்தான் தின்னுறோம், நல்லா வேகவெச்சா சரியாப் போச்சுங்கிறார். வில்லன் மாதிரி உறுமலை, கணக்குப்பிள்ளை மாதிரி பேசுறார். எனக்குப் பகீர்னுச்சு. மாட்டை விடுவிக்கப் போற பிள்ளைகள் வேலியை அறுத்துப்புட்டு, போ போன்னு விரட்டியும் ஒரு மாடுகூட நகராத காட்சியும் அருமை.

புத்தகப்பூச்சி:
ரெண்டும் நல்ல காட்சிதான், ஒத்துக்கறேன். கடைசியில மெக்சிகோவுல நிஜக் கசாப்புக் கூடத்துல எடுத்த பகுதியும் அப்படித்தான், அங்க கேமரா சும்மா நின்னு பார்க்குது. கதையே சொல்லாத இடத்துலதான் படம் பிடிச்சு இழுக்குது பாருங்க. பேசாம டாக்குமெண்டரியா எடுத்துத் தொலைச்சிருக்கலாம்.

வாழைக்காய் வறுவல்:
எடுத்தாங்களே! ராபர்ட் கென்னரோட ‘ஃபுட், இங்க்.’, 2008. ஷ்லோசர் அதுல இணைத் தயாரிப்பாளர், நேரிலும் வந்து பேசுவார். பார்க்கலையா?

புத்தகப்பூச்சி:
இல்லையே. இந்த சனிக்கிழமை அதுதான். ஃப்ரைஸ் இல்லாம.

இரவு ஷிப்ட்:
நீங்கள் பாருங்கோ. எனக்கு அந்த மெஷின் சத்தம் திருப்பிக் கேட்கவேண்டாம்.