பென்யரோல் கழகத்தின் வயது: 1891-ஆ, 1913-ஆ?

பெரம்பூர் வாசகன்:
அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் தெருப் படிப்பகத்தில், ரயில்வே தொழிலாளர்கள் வளர்த்தெடுத்த கால்பந்துக் கழகங்களைப் பற்றி மாணவர்களிடம் அரைமணி நேரம் பேச ஒப்புக்கொண்டு, உருகுவே நாட்டின் பென்யரோலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அக்கழகம் 1891 செப்டம்பர் 28 அன்று தொடங்கப்பட்டதாகச் சிலரும், 1913-இல்தான் பிறந்தது என்று வேறு சிலரும் எழுதுகிறார்கள். எதைச் சொல்வது? 1891-இல் அதன் பெயரில் ‘கிரிக்கெட்’ என்ற சொல் இருந்ததாகவும் படித்தேன், அது உண்மையா?

ஐ.சி.எஃப். காலனிக்காரர்:
உண்மைதான். மாண்டெவிடியோ நகருக்கு வெளியே பென்யரோல் என்ற ஊரில் பணிமனை வைத்திருந்த ஆங்கிலேய ரயில்வே நிறுவனத்தின் ஊழியர்கள் தொடங்கிய அமைப்பின் பெயர் ‘சென்ட்ரல் உருகுவே ரயில்வே கிரிக்கெட் கிளப்’. ஆங்கிலேயர் போன இடமெல்லாம் முதலில் மட்டையைத்தான் எடுத்துச் சென்றார்கள். நம் சேப்பாக்கமே அதற்குச் சாட்சி. ஆனால் அங்கே கால்பந்து வெகு விரைவில் கிரிக்கெட்டை ஓரங்கட்டிவிட்டது. ஊர்ப் பெயருக்கு மூலம் இத்தாலியின் பினெரோலோ. அங்கிருந்து குடியேறிய ஒருவரால் வந்த பெயர் அது. சட்டையின் மஞ்சளும் கறுப்பும் ரயில்வேயின் நிறங்கள். ரசிகர்களுக்குக் ‘கரிக்காரர்கள்’ என்ற பட்டம் வந்ததும் நீராவி எஞ்சின் காலத்தால்தான்.

1900-இல் நான்கு அணிகளுடன் நடந்த முதல் உருகுவே லீக்கை வென்றது இந்த ரயில்வே அணியே. 1901, 1905, 1907, 1911 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் அதற்கே. பின்னர், ஊழியர்கள் ஆட்டத்துக்காக வேலைக்கு வராமல் இருப்பதும் ரசிகர்களால் ரயில் பெட்டிகள் சேதமடைவதும் நிர்வாகத்துக்குத் தலைவலியாகிவிடவே, 1913 டிசம்பரில் கால்பந்துப் பிரிவு நிறுவனத்திலிருந்து பிரிந்து, பென்யரோல் என்ற பெயரில் தனித்து நடக்கத் தொடங்கியது. ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் அதே ஆட்கள், சட்டையும் அதே சட்டை என்பதால், 1891 என்றே சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
மேலே எழுதியவர் ஒரு தரப்பை மட்டும் சொல்லிவிட்டார். ரயில்வே அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பணிப் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் கேட்கிறேன்: ஊழியர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு, வேறு பெயரில் வேறு நிறுவனத்தில் சேர்ந்தால், பழைய பணிமூப்பை அவருக்குத் தருவோமா? அதே நாட்டின் எதிரணியான நசியோனல் கழகம் கேட்பதும் இதைத்தான். 1913-க்குப் பிறகும் பழைய ரயில்வே கழகம் சிறிது காலம் தனியாக இயங்கியது என்பது அவர்களுடைய முக்கியமான வாதம். தந்தை உயிரோடு இருக்கையிலேயே மகன் தன்னைத் தந்தை என்று சொல்லிக்கொள்ளலாமா என்பது போல.

இந்தச் சண்டை வெறும் தேதிக்காக அன்று. நசியோனல் 1899 மே 14 அன்று, ஆங்கிலேயர் கழகங்களுக்கு எதிராக உள்நாட்டு இளைஞர்கள் உருவாக்கிய கழகம். 1891 என்றால் பென்யரோல் அதற்கு எட்டு ஆண்டு மூத்தது. 1913 என்றால் பதினான்கு ஆண்டு இளையது. அத்துடன், மேலே சொன்ன ஐந்து பட்டங்களும் கணக்கிலிருந்து போய்விடும். நாட்டில் மூத்த கழகம் யார் என்பதற்கு அங்கே ‘தெகானாத்தோ’ என்று தனிச் சொல்லே வைத்துச் சண்டையிடுகிறார்கள்.

வியாசர்பாடி விசிறி:
எங்கள் பகுதியில் பிரேசிலைத் தவிர வேறு நாட்டின் பெயரை எடுத்தாலே முறைப்பார்கள், இருந்தாலும் எழுதுகிறேன். மாணவர்களுக்குத் தேதியைவிட ஆட்டம்தான் பிடிக்கும். தென் அமெரிக்கக் கழகங்களுக்கான லிபர்ட்டடோரஸ் கோப்பையின் 1966 தீர்வு ஆட்டம் சிலியின் சாண்டியாகோவில் நடந்தபோது, அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணியிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்த பென்யரோல், கூடுதல் நேரத்தில் 4-2 என வென்றது. அந்தத் தோல்வியால் ரிவர் அணிக்கு ஒட்டிக்கொண்ட ‘கோழிகள்’ என்ற கேலிப் பெயர் இன்றும் விடவில்லை. 1950 உலகக் கோப்பையில் பிரேசிலை அதன் மண்ணிலேயே வீழ்த்திய உருகுவே அணித்தலைவர் ஒப்துலியோ வரேலாவும் பென்யரோல்காரரே. இதை மட்டும் எங்கள் தெருவில் வந்து சொல்லிவிடாதீர்கள்.

பெரம்பூர் வாசகன்:
மூவருக்கும் நன்றி. கரும்பலகையில் 1891, 1913 என்று இரண்டையும் எழுதிவிட்டு, பணிமூப்புக் கேள்வியை மாணவர்களிடமே விட்டுவிடப் போகிறேன். அவர்களில் பாதிப்பேரின் தாத்தாக்கள் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்தவர்கள் என்பதால், விவாதம் வீடுவரை போகும் என்றே நினைக்கிறேன்.