மழை நேரத்து இணைய வகுப்பில் ‘ஃப’, ‘ஸ’ ஒலிகள் கேட்பதில்லை: உதவி தேவை

கேள்வி (மஸ்கெலியா ஆசிரியை):
தோட்டத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு மாலையில் ஸூம் வழியாக ஆங்கிலப் பேச்சு கற்பிக்கிறேன். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து, அவர்கள் சொல்வது ‘ஃபேன்’ என்பதா ‘பேன்’ என்பதா, ‘ஸிப்’ என்பதா ‘ஷிப்’ என்பதா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) தகரக் கூரையில் பெய்யும் மழை எனக்குக் கேட்பதே இல்லை. சொல்லின் முதலொலியும் கேட்பதில்லை. எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொன்னால் ஒரு குரல் மட்டுமே வருகிறது. சரியாகச் சொன்ன பிள்ளையைத் திருத்திவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்.

பதில் (பண்டாரவளை):
டீச்சர், மழை உங்களுக்குக் கேட்காததிலேயே காரணம் இருக்கிறது. தகரத்து மழையும் ‘ஃப’, ‘ஸ’ ஒலிகளும் ஒரே வகை இரைச்சல்கள். ஆகவே பின்னணிச் சத்தத்தை நீக்கும் ஸூமின் வசதி, மழையை அழிக்கும்போது மெல்லிய ‘ஃப’வையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். பிள்ளையின் பக்கத்தில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ அமைப்பை இயக்கினால் அந்த நீக்கம் நிற்கும். ஆனால் மழை முழுவதும் உள்ளே வரும். எனவே வயருள்ள ஹெட்செட்டின் மைக்கை வாய்க்கு அருகே, மூச்சு நேரே படாதபடி கன்னத்தோரம் வைத்த பின்னரே அதை இயக்கச் சொல்லுங்கள். பேசும்போது 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேற்பட்ட கீச்சு ஒலியை அனுப்பாத பழைய புளூடூத் ஹெட்செட்டுகள் இதற்கு உதவா. ‘ஸ’வின் வலிமை பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது.

பதில் (ஹட்டன்):
சேர்ந்து சொல்லும் பயிற்சியை ஸூமில் எதிர்பார்க்க வேண்டாம். ஒவ்வொருவர் குரலும் வெவ்வேறு தாமதத்தோடு வருகிறது. எல்லோரையும் மியூட் செய்து சொல்லவிட்டு, பிறகு ஒருவரை மட்டும் அழையுங்கள். அவர் மட்டும் கெமராவைத் திறந்தால் மற்றவர்களின் டேட்டா மிஞ்சும். ‘ஃப’வுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடும், ‘ப’வுக்கு இரண்டு உதடுகளும் மூடும், காது ஏமாந்தாலும் கண்ணுக்கு அது தெரியும். இலவசக் கணக்கின் 40 நிமிடத்தில் பன்னிரண்டு பேரையும் கேட்க முடியாவிட்டால், மழை விட்ட நேரத்தில் வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பச் சொல்லலாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஹெட்செட் மூன்று பிள்ளைகளிடம் மட்டுமே இருப்பதால், மற்றவர்களிடம் குரல் பதிவு கேட்டேன். இரண்டு வாரமாக நான் திருத்திவந்த ஒரு சிறுமியின் ‘ஃபேன்’ அதில் தெளிவாக இருந்தது. நாளைய வகுப்பின் தொடக்கத்திலேயே, எல்லோர் முன்னிலையிலும் அதை அவளிடம் சொல்லப்போகிறேன்.