8 டிபி ஹார்ட் டிஸ்க் வரவே மாட்டேங்குது, அவசரம்

கோத்தகிரி ஸ்டுடியோ: 8 டிபி டிஸ்க்கை விண்டோஸ் எடுக்கவே மாட்டேங்குது. ஒரு சீசன் கல்யாண ஆல்பம் மொத்தமும் அதுலதான். பார்ட்டி நாளைக்கு வர்றாங்க. யாராவது சொல்லுங்க.

பழைய மதர்போர்டு: உள்ள மாட்டறதா, வெளிய மாட்டறதா? பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆகறப்போ வர்ற செட்டிங்ல) தெரியுதா? சுத்துற சத்தம் வருதா?

தேயிலைமேடு: ஈரம்தான் சார். ஐப்பசி மழையில நம்ம ஊர்ல துணியே காயாது. ராத்திரி அரிசிக்குள்ள புதைச்சு வைங்க.

சர்வர் சித்தப்பா: அரிசித் தூசிதான் உள்ள போகும். கேள்வி கேக்கறவர் டிரைவ் மாடல், எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள்ள பவர் குடுக்கற பெட்டி), கேபிள் மூணையும் எழுதணும்னு எத்தனை தடவை சொல்றது? இங்க யாரும் ஜோசியம் பாக்கல.

ஊட்டிவாசி: மலைல காத்து லேசு. டிஸ்க்கைப் படிக்கற ஹெட்டு காத்துலதானே மிதக்குது? மேட்டுப்பாளையம் இறங்கிப் போட்டுப் பாருங்க.

சர்வர் சித்தப்பா: சாதாரண டிரைவ் 10,000 அடி, அதாவது 3,048 மீட்டர் வரை ஓடும். தொட்டபெட்டா உச்சியே 2,637தான். அதுவும் 8 டிபின்னா பலதும் ஹீலியம் அடைச்சு சீல் வச்சது, வெளிக்காத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஊட்டிவாசி: என் டிஸ்க் ரெண்டும் இங்கதான் போச்சு. அதுக்கு என்ன சொல்றீங்க?

தேயிலைமேடு: உங்க ஊர் உறைபனில மனுசனே விறைச்சுப் போறான், டிஸ்க் என்ன பண்ணும்? கோத்தகிரி குளிர் அந்த அளவுக்குக் கிடையாது.

கோத்தகிரி ஸ்டுடியோ: சத்தமே இல்ல. பயாஸ்லயும் வரல. டிஸ்க் இருந்த யூஎஸ்பி டப்பாவோட அடாப்டர் செத்துப்போச்சு, அதான் டிஸ்க்கைக் கழட்டி சிஸ்டத்துல மாட்டினேன். எஸ்எம்பிஎஸ் புதுசு.

பழைய மதர்போர்டு: அண்ணே, இதையில்ல முதல்ல சொல்லணும்! டப்பாலேர்ந்து கழட்டின டிரைவ் பலதுல இந்தத் தொல்லை உண்டு. சாட்டா (டிஸ்க்கைக் கம்ப்யூட்டர்ல மாட்டற கனெக்டர்) பவர்ல மூணாவது பின் முன்னாடி வெறும் 3.3 வோல்ட் லைன். 2016ல வந்த சாட்டா 3.3ங்கற வெர்ஷன்ல அந்தப் பின்னுக்கு வேற வேலை குடுத்துட்டாங்க. அதுல கரண்ட் வந்தா "சுத்தாதே"ன்னு அர்த்தம். டேட்டா கேபிள் பக்கத்துலேர்ந்து எண்ணி மூணாவது பின்மேல கேப்டன் டேப் (கரண்ட் கடத்தாத டேப்) ஒட்டுங்க. இல்லாட்டி மோலெக்ஸ்ங்கற பழைய நாலு பின் பவர் கனெக்டர்லேர்ந்து சாட்டாவுக்கு மாத்துற ஒயர் போடுங்க, அதுல 3.3 லைனே கிடையாது.

சர்வர் சித்தப்பா: மோலெக்ஸ் வேணாம். வார்த்து மூடின மலிவு ஒயர் உருகித் தீப்பிடிச்சதை நானே பாத்திருக்கேன். டேப் போதும்.

கோத்தகிரி ஸ்டுடியோ: டேப் ஒட்டினேன், சுத்துது!! ஆனா டிஸ்க் மேனேஜ்மென்ட் "இனிஷியலைஸ்" பண்ணச் சொல்லுது. ஓகே குடுக்கவா?

பழைய மதர்போர்டு: ஐயோ, குடுக்காதீங்க! அது புது டிஸ்க் மாதிரி ஆக்கற வேலை. ஃபார்மட்டும் வேணாம். சில டப்பாக்குள்ள இருக்கற போர்டு டேட்டாவைப் பூட்டி எழுதும், சிலது செக்டர் (டேட்டா எழுதற துண்டு) அளவையே மாத்திக் காட்டும். அந்த போர்டு இல்லாம படிச்சா காலி டிஸ்க் மாதிரிதான் தெரியும். போர்டு இருக்குல்ல? அதே 12 வோல்ட், ஆம்ப் குறையாத அடாப்டர் ஒண்ணு வாங்கி அதுலயே மாட்டுங்க.

சர்வர் சித்தப்பா: அடாப்டரோட பின் முனையும் பாத்து வாங்கணும். நடுவுல பிளஸ்ஸா மைனஸான்னு டப்பா அடியில படம் போட்டிருக்கும்.

கோத்தகிரி ஸ்டுடியோ: அடாப்டர் கிடைச்சுது. ஃபோல்டர் எல்லாம் இருக்கு. காப்பி ஓடுது, நன்றி.

ஊட்டிவாசி: அது சரி, கோத்தகிரில குளிர் கம்மின்னு எவன் சொன்னது? மார்கழில வந்து பாருங்க.