இல்லாத சிடி டிரைவ் 'எஃப்' எங்கிருந்து வந்தது?

கோண்டாவில் ரீச்சர்:

வணக்கம். நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரில் ஒரு சிடி டிரைவ் புதிதாக முளைத்திருக்கிறது. பகிடிக்குச் சொல்லவில்லை. இந்தப் பெட்டியில் சிடி போடும் இடமே கிடையாது. இருந்த டிவிடி டிரைவ் தட்டை வெளியே தள்ள மாட்டேன் என்று அடம்பிடித்ததால், இரண்டு வருடத்துக்கு முன்பு அதைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையைக் கறுத்த பிளாஸ்டிக் மூடியால் அடைத்துத் தந்தார்கள்.

போன புதன்கிழமை சனசமூக நிலையத்தின் வருடாந்தக் கணக்கறிக்கையை எடுக்கப் போனபோதுதான் கண்டேன். 'திஸ் பிசி'யைத் திறந்தால் சி, டி இரண்டுக்கும் அடுத்ததாக 'சிடி டிரைவ் எஃப்' என்று ஒன்று நிற்கிறது. வழக்கமான வட்டத்தட்டுப் படம்கூட இல்லை. வேறு ஏதோ ஒரு சின்னப் படம், மங்கலாக இருக்கிறது, என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. விண்டோஸ் 10தான். பெட்டி வாங்கி ஏழு வருடம்.

நான் கவனித்ததைச் சொல்லிவிடுகிறேன். ரைட் கிளிக் பண்ணி 'இஜெக்ட்' கொடுத்தால் போய்விடுகிறது. கரண்ட் போய் வந்து மறுபடி போட்டால் திரும்ப வந்து குந்தியிருக்கிறது. நானாக ரீஸ்டார்ட் பண்ணினாலும் அப்படித்தான். நான்கு தரம் செய்து பார்த்தேன், நான்கு தரமும் வந்தது. கொம்பியூட்டர் மெதுவாகவில்லை. விளம்பரம் ஒன்றும் வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கப் பயம், அதனால் பார்க்கவில்லை.

டவுனில் ஒரு கடையில் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். படத்தை இரண்டு செக்கன் பார்த்தார். "வைரஸ் அம்மா, போர்மட் அடிக்க வேணும், நாலாயிரம் முடியும்" என்றார். நாலாயிரம் பெரிய விஷயமில்லை. இதற்குள் 2003ஆம் ஆண்டிலிருந்து பாமினி எழுத்துருவில் நானே ரைப் பண்ணிய பரீட்சைத் தாள்களும் செய்முறைக் குறிப்புகளும் கிடக்கின்றன. அதைவிட, போர்மட் அடித்தால் அது போகலாம், ஏன் வந்தது என்று தெரியவராதே. பாசிச்சாயத்தாள் நிறம் மாறினால், ஏன் மாறியது என்று கேட்காமல் வேறு தாள் கேட்கும் பிள்ளைக்கு நான் புள்ளி போட்டதில்லை. விஷயம் தெரிந்த யாராவது சொல்லுங்கோ.

சுழியன்:

அன்ரி, கடைக்காரர் சொன்னது சரி. வைரஸ்தான். தேவையானதை ஒரு பென் டிரைவில் எடுத்துவிட்டு புதுசா விண்டோஸ் போடுங்கோ. அரைமணித்தியால வேலை.

வடமராட்சியான்:

சுழியன், கொஞ்சம் பொறும். வைரஸ் ஒளிந்திருக்கத்தான் பார்க்கும். தனக்கென்று ஒரு டிரைவும் படமும் வைத்துக்கொண்டு முன் வாசலில் வந்து இருக்காது.

ரீச்சர், எனக்கு முதலில் தோன்றுவது ஐஎஸ்ஓ, அதாவது ஒரு முழுச் சிடியை அப்படியே ஒரே கோப்பாக்கி வைத்தது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஐஎஸ்ஓ கோப்பொன்றை இரண்டு தரம் தட்டினாலே அது ஒரு டிவிடி டிரைவ் மாதிரித் திறந்துகொள்ளும். தனி மென்பொருள் தேவையில்லை. பேரப்பிள்ளைகள் யாராவது கேம் ஒன்றை இறக்கித் தட்டியிருப்பார்கள். 'இஜெக்ட்' கொடுத்தால் போகிறது என்கிறீர்களே, அதுவும் பொருந்துகிறது.

கோண்டாவில் ரீச்சர்:

நன்றி தம்பி. ஆனால் ரீஸ்டார்ட் பண்ணினால் திரும்ப வருகிறது என்று எழுதியிருந்தேனே. ஐஎஸ்ஓவும் அப்படித் திரும்பி வருமா? பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவில். போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போனபின் இந்தப் பெட்டியை என்னைத் தவிர யாரும் தொடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வடமராட்சியான்:

ஆமாம், நான் வடிவாக வாசிக்கவில்லை. தட்டித் திறந்த ஐஎஸ்ஓ ரீஸ்டார்ட்டோடு போய்விடும். ஐஎஸ்ஓவைச் சிடி போலக் காட்டும் டீமன் ரூல்ஸ் மாதிரி மென்பொருள் ஏதாவது போட்டிருந்தால் திரும்ப வரலாம். கன்ட்ரோல் பனலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கோ. இல்லையென்றால் என் ஊகம் பிழை.

பழைய இரும்பு:

ரீச்சர், கொக்குவிலில் பத்து வருடத்துக்கு மேலாகப் பெட்டி திருத்துகிறேன். நீங்கள் கேள்வியிலேயே பாதி விடையை எழுதிவிட்டீர்கள். இரண்டு விஷயம்.

ஒன்று, அது 'சிடி டிரைவ்' என்று சொல்லிக்கொண்டு வருகிறது. திடீரென்று முளைக்கும் டிரைவில் பெரும்பாலானவை ஹார்ட் டிஸ்கின் ஒளித்துவைத்த பகுதிகள். விண்டோஸ் 10க்கு 2018இல் 1803 என்ற அப்டேட் வந்தபோது, பலருடைய பெட்டியில் ரிக்கவரிப் பகுதிக்கு ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டது. 'இடம் போதாது' என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கத்தும். அந்த வருடம் எத்தனை பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள்! அதற்கு எழுத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும். பகுதியை அழிக்கவே கூடாது, அழித்தால் பிறகு விண்டோஸ் விழும்போது பெட்டிக்குள்ளிருந்தே எழுப்ப வழியில்லை. ஆனால் அது ஹார்ட் டிஸ்காகத்தான் தெரியும், சிடி என்று வராது. ஆகவே உங்களுடையது அதுவல்ல.

இரண்டு, எழுத்து. உங்களிடம் சி, டி இருக்கின்றன. புதிதாக ஒன்று வந்தால் விண்டோஸ் அடுத்த வெறும் எழுத்தைக் கொடுக்கும், அதாவது 'ஈ'. உங்களுக்கு வந்ததோ 'எஃப்'. அப்படியென்றால் இது முதல்முதல் வந்த நேரம் 'ஈ'யில் வேறொன்று இருந்தது. ஒருமுறை கொடுத்த எழுத்தை விண்டோஸ் ஞாபகம் வைத்துக்கொள்ளும், பிறகு 'ஈ' வெறுமையாகினாலும் மாற்றாது. அன்றைக்கு ஏதாவது பென் டிரைவ் குத்தியிருந்தீர்களா?

இனிச் செய்ய வேண்டியது. எஃப்பை இரண்டு தரம் தட்டாதீர்கள், ஏதாவது ஓடத் தொடங்கும். ரைட் கிளிக் பண்ணி 'புரொப்பர்ட்டீஸ்' பாருங்கோ, அதால் ஒன்றும் நடக்காது. பிறகு ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் பண்ணி 'டிவைஸ் மனேஜர்'. அதில் டிவிடி, சிடிரொம் டிரைவ்கள் என்ற கிளையைத் திறந்து, உள்ளே இருப்பதன் புரொப்பர்ட்டீஸில் 'டீட்டெயில்ஸ்' போய், 'ஹார்ட்வெயர் ஐடிஸ்' என்பதைத் தெரிவுசெய்யுங்கோ. முதல் வரியில் என்ன இருக்கிறது என்று அப்படியே எழுதுங்கோ.

கோண்டாவில் ரீச்சர்:

தம்பி, பார்த்தேன். கையும் நடுங்கியது.

புரொப்பர்ட்டீஸில் 'ஃபைல் சிஸ்டம்: சிடிஎஃப்எஸ்' என்று இருக்கிறது. மொத்தம் 62 எம்பி, மிச்ச இடம் பூச்சியம். டிவைஸ் மனேஜரில் முதல் வரி 'யூஎஸ்பிஸ்டோர்' என்று தொடங்குகிறது, அதன் பிறகு 'சிடிரொம்', பிறகு ஒரு கம்பனியின் பெயர், பிறகு 'மாஸ் ஸ்டோரேஜ்'. டீமன் ரூல்ஸ் ஒன்றும் இல்லை. ஆனால் கன்ட்ரோல் பனலில் நான் போடாத 'மொபைல்' என்று தொடங்கும் ஒரு மென்பொருள் இருக்கிறது.

பென் டிரைவைப் பற்றிக் கேட்டீர்களே, அதைத்தான் இரவு முழுக்க யோசித்தேன். கணக்கறிக்கையை வைத்திருக்கும் பச்சைப் பென் டிரைவை முன் பக்கத்தில் குத்தினால் அது எப்போதும் 'ஈ' என்றுதான் வரும். அதைச் சும்மா விட்டுவைப்பது என் பழக்கம்.

பழைய இரும்பு:

பிடிபட்டது. சிடிஎஃப்எஸ் என்பது சிடியில் கோப்புகளை அடுக்கும் முறை. 'யூஎஸ்பிஸ்டோர்' என்று தொடங்கினால் அது யூஎஸ்பி வழியாக வந்த சாமான். பெட்டிக்குள் ஒன்றும் முளைக்கவில்லை, வெளியே ஏதோ குத்தியிருக்கிறது. 62 எம்பி, மிச்சம் பூச்சியம், கன்ட்ரோல் பனலில் 'மொபைல்'... ரீச்சர், எழும்பிப் போய் சிபியு பெட்டியின் பின் பக்கத்தைப் பாருங்கோ. இன்ரநெற் டொங்கிள், அதுதான் சிம் போட்டுக் குத்தும் சின்ன மொடம், ஒன்று இருக்கும். பந்தயம் தேத்தண்ணி.

கோண்டாவில் ரீச்சர்:

தேத்தண்ணி உங்களுக்குத்தான்.

மேசையை இழுத்துப் பார்த்தேன். பின்னால் மொனிற்றர் வயருக்குப் பக்கத்தில் சிலந்தி வலை சுற்றி வெள்ளை நிறத்தில் ஒரு டொங்கிள்! அதைக் கண்டவுடன் எல்லாம் ஞாபகம் வந்தது. தை மாதக் காற்றுக்குப் பனை மட்டை ஒன்று விழுந்து பைபர் வயர் அறுந்தது. மூன்று நாள் இன்ரநெற் இல்லை. மகன் ரொறன்ரோவிலிருந்து போனில் அழைத்தால் முகம் தெரியாது, குரல் மட்டும். பக்கத்து வீட்டுப் பெடியன், ஏஎல் படிக்கிறவன், தன் அக்காவின் பழைய டொங்கிளைக் கொண்டுவந்து போட்டுத் தந்தான். முன் பக்கத்தில் இரண்டு ஓட்டை, ஒன்றில் பச்சைப் பென் டிரைவ், மற்றது ஆடும். அதனால் பின்னால் குத்தினான். கம்பனி ஆட்கள் வந்து வயரைக் கட்டியவுடன் சிம்மை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். டொங்கிள் அங்கேயே இருந்திருக்கிறது. நான் கண்டதுதான் போன புதன், அது வந்தது தை மாதம்!

'என்னைத் தவிர யாரும் தொடவில்லை' என்று எழுதினேன். அது பிழை, திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்று விளங்கவில்லை. டொங்கிள் இன்ரநெற்றுக்கான சாமான். அது எதற்காகத் தன்னைச் சிடி என்று சொல்ல வேண்டும்?

பழைய இரும்பு:

நல்ல கேள்வி, கடைக்கு வருகிற ஒருவரும் இதைக் கேட்பதில்லை.

மொடத்தைக் குத்தினால் அதை இயக்க டிரைவர் என்ற சிறு மென்பொருள் வேண்டும். டிரைவரை இன்ரநெற்றில் எடுக்கலாம், ஆனால் இன்ரநெற் வருவதே அந்த மொடத்தால்தான். கூடவே ஒரு சிடி கொடுத்தால் அது தொலையும். அதனால் டொங்கிளுக்குள்ளேயே டிரைவரை வைத்துவிட்டார்கள். குத்தியவுடன் அது முதலில் ஒரு சிடி டிரைவாக முகம் காட்டும். எந்த விண்டோஸுக்கும் சிடியைத் தெரியும், அதற்கென்று தனி டிரைவர் வேண்டாம். உள்ளே இருக்கிற மென்பொருளைப் போட்டதும், அது டொங்கிளுக்கு ஒரு கட்டளை அனுப்பும், டொங்கிள் மொடமாக மாறும். சில டொங்கிள் மொடமாக மாறிய பிறகும் சிடி முகத்தையும் சேர்த்தே வைத்திருக்கும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் பாவிப்பவர்கள் இப்படி மாற்றுவதற்கென்றே 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். ஹுவாவே, இசட்டிஇ என்ற இரண்டு கம்பனிகளின் பல டொங்கிள்களும் இந்த வழிதான்.

பென் டிரைவாக வராமல் சிடியாக வருவதற்குக் காரணமும் உண்டு. சிடியில் எழுத முடியாது, ஆகவே டிரைவரைத் தவறுதலாக அழிக்கவும் முடியாது. அதோடு அந்தக் காலத்து நெற் கபேகளை நினைத்துப் பாருங்கோ, பென் டிரைவைக் குத்தினாலே வைரஸ் ஓடும். 2008இல் கிளம்பிய கொன்ஃபிக்கர் என்ற வைரஸ் அப்படியும் பரவியது. அதனால் விண்டோஸ் 7இல் பென் டிரைவிலிருந்து தானாக ஓடும் வழியை அடைத்தார்கள். 2011 பெப்ரவரியில் அதற்கு முந்திய விண்டோஸ்களான எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அதே அடைப்பை அப்டேட்டாக அனுப்பினார்கள். சிடிக்கு மட்டும் அந்த வாசலை விட்டுவைத்தார்கள். டொங்கிள் அந்த வாசலால்தான் வருகிறது.

கழற்றும்போது முதலில் எஃப்பை 'இஜெக்ட்' கொடுத்துவிட்டு இழுங்கோ. கன்ட்ரோல் பனலில் இருக்கும் அந்த 'மொபைல்' மென்பொருளையும் எடுத்துவிடலாம், இருந்தாலும் தீமையில்லை.

சுழியன்:

சொறி ரீச்சர். எங்கட வீட்டிலயும் அக்காவின் போனை சார்ஜ் பண்ணக் குத்தினால் ஒரு சிடி வரும். அதையும் வைரஸ் என்றுதான் இரண்டு வருஷமா நினைச்சனான்.

வடமராட்சியான்:

அதுவும் இதே வித்தைதான் சுழியன். சில போன்கள் தங்கள் டிரைவரை அப்படித்தான் வைத்திருக்கும், வயரைக் கழற்றினால் போய்விடும். வெளியே வைக்கும் சில ஹார்ட் டிஸ்கிலும் பூட்டுத் திறக்கும் மென்பொருள் ஒரு சிடியாக வரும். 'ஜி' என்று ஒன்று முளைத்தால் உடனே பதற வேண்டாம், கூகுள் டிரைவ் மென்பொருளைப் போட்டாலே அது 'ஜி'யில் வந்து இருக்கும்.

கோண்டாவில் ரீச்சர்:

இஜெக்ட் கொடுத்துக் கழற்றினேன். ரீஸ்டார்ட் பண்ணினேன், எஃப் வரவில்லை. ஐந்தாம் தரமும் பார்த்தேன், வரவில்லை. பச்சைப் பென் டிரைவைக் குத்தினால் 'ஈ' என்றே வருகிறது. கடைக்காரரிடம் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

டொங்கிளைத் துடைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெடியனின் முகம் வெளுத்தது. தை மாதத்திலிருந்து அவனுடைய அக்கா அதைத் தேடுகிறாளாம், இவன் எடுக்கவே இல்லை என்று சத்தியம் பண்ணியிருக்கிறான். தாய் குசினிக்குள் இருந்து கேட்டுக்கொண்டே வந்தார். மிச்சத்தை எழுதவில்லை. கடைசியில் அக்கா, "ரீச்சர், நீங்களே வைச்சிருங்கோ, பனை அங்கதானே நிக்குது" என்றாள்.

ஆகவே அது இப்போது என் அலுமாரியில், பால்மா ரின் ஒன்றுக்குள் இருக்கிறது. ரின்னுக்கு மேல் கடதாசி ஒட்டி 'எஃப்' என்று எழுதிவைத்திருக்கிறேன்.