கொழும்பிலிருந்து அனிமே சண்டை கேம் தொடங்க எது நல்லது?

கேள்வி
இடம் வெள்ளவத்தை. ஐ5 லப்டொப், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், வீட்டில் பைபர் இணைப்பு. சண்டை கேம் இதுவரை தொட்டதில்லை. டிராகன் போல் ஃபைட்டர்ஸீ, கில்டி கியர் ஸ்ட்ரைவ், கிரான்ப்ளூ ரைசிங், அண்டர் நைட் 2 என்று நாலு பெயர் கிடைத்தது. எதில் தொடங்கலாம்? கொன்ட்ரோலர் கட்டாயம் வேணுமா?

பதில் 1
காசு கொடுக்க முதல் கிரான்ப்ளூ ரைசிங்கின் இலவசப் பதிப்பை ஸ்டீமில் (பிசி கேம் விற்கும் ஒன்லைன் கடை) இறக்குங்கள். கிரான் என்ற பாத்திரம் எப்போதும் கிடைப்பார், வேறு சிலர் மாறி மாறி வருவார்கள், ஒன்லைனும் விளையாடலாம். ஸ்கில் பட்டனை மட்டும் அழுத்தினால் எறிகணை. முன்திசையோடு அழுத்தினால் மேலெழும் வாள்வெட்டு. கை பழகுவதற்குள் வெறுத்துப்போகாமல் தூரம், தடுப்பு, பாய்ந்து வருபவரை இறக்குவது மூன்றையும் படிக்கலாம். தொடக்கத்தில் தோற்பது கொம்போ (இடைவிடாமல் தொடரும் அடிவரிசை) தெரியாததால் அல்ல, இந்த மூன்றும் இல்லாததால்தான்.

ஃபைட்டர்ஸீயை இப்போதைக்கு விடுங்கள். மூவர் அணி, நீளமான கொம்போ; ஒருமுறை அடிபட்டால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரோல்பேக் (இணைப்புத் தாமதத்தை மறைக்கும் முறை) 2024இல்தான் வந்தது, அதுவும் பிஎஸ்4 பதிப்புக்கு இல்லை.

பதில் 2
எந்தக் கேம் என்றாலும் இங்கிருந்து விளையாடுபவருக்கு இணைப்புத்தான் முதல் கேள்வி. இந்தக் கேம்கள் செக்கனுக்கு 60 பிரேம் ஓடும். ஒரு பிரேம் ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன். பிங், அதாவது தரவு போய்த் திரும்பிவரும் நேரம், 100 மில்லிசெக்கன் என்றால் உங்கள் அடி எதிராளியிடம் போய்ச்சேர 3 பிரேம். அவ்வளவை ரோல்பேக் மறைத்துவிடும். பிங் நிலையில்லாமல் ஏறி இறங்கினால்தான் எதிராளி திடீரென்று இடம் மாறித் தோன்றுவார். பெரும்பாலும் வைஃபைதான் காரணம். ரவுட்டரிலிருந்து லான் வயர் இழுங்கள். போட்டி நேரத்தில் வீட்டில் பெரிய டவுன்லோட் ஓடக்கூடாது.

லப்டொப்பைச் சார்ஜரில் போட்டே விளையாடுங்கள். பற்றரியில் வேகம் குறைந்து 60 பிரேமுக்குக் கீழே போனால் கேமே மெதுவாகும், எதிராளிக்கும் சேர்த்து. நிழல், பின்னணித் தரத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை, 60 அசையக்கூடாது.

பதில் 3
கிரான்ப்ளூவில் ஒரு கிழமை சரி, ஆனால் நிலைக்கப்போவது ஸ்ட்ரைவ் என்பது என் கருத்து. 2021இல் வந்தது; பிசி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் மூன்றிலும் உள்ளவர்கள் ஒன்றாக விளையாடலாம், ஆகவே ஆள் கிடைக்கும். இங்கிருந்து ஆள் தேடும்போது அதுதான் பெரிய விஷயம். அண்டர் நைட் 2இன் பயிற்சிப் பகுதி மிக நல்லது, ஆனால் ஆள் குறைவு.

ஸ்ட்ரைவில் கை என்ற பாத்திரத்தை எடுங்கள். கிட்ட நின்று எஸ் (வெட்டு பட்டன்), திரும்ப எஸ், பிறகு எச் (பலமான வெட்டு பட்டன்): பெரும்பாலான பாத்திரங்களுக்கு இந்த வரிசை வேலை செய்யும். மேலிருந்து வருபவருக்கு 6பி. டென்ஷன் (திரையின் கீழே நிரம்பும் அளவுகோல்) பாதி சேர்ந்தால் ரோமன் கேன்சல், அதாவது செய்துகொண்டிருக்கும் அசைவை இடையில் வெட்டுவது; அதைப் பிறகு பாருங்கள்.

கேட்டவர்
நன்றி. 6பி என்று எழுதுகிறீர்கள், வேறிடங்களில் 236 என்றும் பார்த்தேன், அது என்ன?

பதில் 2
கீபோர்டின் வலப்பக்க எண் தொகுதி. 5 நடு, 6 முன், 2 கீழ், 3 கீழும் முன்னும் சேர்ந்த மூலை, 8 மேல், வலப்பக்கம் பார்த்து நிற்கும்போது. பி என்பது குத்து பட்டன், ஆகவே 6பி என்றால் முன்திசையோடு குத்து. 236 என்றால் 2, 3, 6 வரிசையாக. போனின் எண் வரிசையைப் பார்த்தால் குழம்பும், அங்கே 2 மேலே இருக்கும்.

கொன்ட்ரோலர் கட்டாயமில்லை. 236 அடிக்க கீழ் விசையைப் பிடியுங்கள், விடாமல் முன் விசையைச் சேருங்கள், பிறகு கீழை விடுங்கள், உடனே அடி. கீழை முதலே விட்டால் 3 விழாது. சாதாரண அடிதான் வரும். பயிற்சி முறையில் இன்புட் காட்சியை ஓன் செய்தால் எது தவறியது என்று தெரியும். மலிவான கீபோர்ட் சில மூன்று விசையை ஒன்றாக அழுத்தினால் ஒன்றை விழுங்கும். வாங்குவதாக இருந்தால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடையிலேயே அழுத்திப் பார்த்து எடுங்கள்.

பதில் 3
ஒன்று விட்டுப்போச்சு. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். பயிற்சி முறையில் நிற்கும் நேரமும் கணக்கில் சேரும். ஆகவே இரவில் நாலைந்து ஒன்லைன் போட்டி முதலில் ஆடி, பிங் எப்படி என்று பாருங்கள், பிறகு பயிற்சி.