‘ஃபிசிக்கல் மெமரி’: இயற்பியல் நினைவகமா, மெய் நினைவகமா, பருநிலை நினைவகமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இயங்குதளக் கையேட்டின் தமிழாக்கத்தில், கணினியில் பொருத்தியுள்ள நினைவகச் சில்லுகளைக் குறிக்கும் ‘ஃபிசிக்கல் மெமரி’ என்பதற்கு ‘இயற்பியல் நினைவகம்’ என்று எழுதலாம் என்னும் முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. இயற்பியல் என்பது ஓர் அறிவியல் துறையின் பெயர். பாடநூல்களில் ‘இயற்பியல் மாற்றம்’ என்று எழுதுவது பொருந்துகிறதென்றால், அங்கே வேதியியல் மாற்றம் அதற்கு எதிரிணையாக நிற்பதே காரணம். ஆங்கிலத்தில் அதே அடைமொழி வந்த இடத்தில்தான் நம் முன்னோர் ‘உடற்கல்வி’ என்று ஆக்கினார்கள். அந்தத் துணிவு நமக்கும் வேண்டும்.

ஒரு சொல் எதற்கு எதிராக நிற்கிறது என்று பார்த்தால் அதன் பொருள் தெளிந்துவிடும். பங்குச் சந்தையில் ‘ஃபிசிக்கல் ஷேர்’ என்பது டிமேட் என்னும் மின்னணுக் கணக்குக்கு வராமல் காகிதச் சான்றிதழாகவே இருக்கும் பங்கு. 2019 ஏப்ரல் 1 முதல் அத்தகைய பங்குகளைப் பெயர் மாற்றிக் கொடுக்க, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி தடை விதித்தது. அதைத் ‘தாள்வடிவப் பங்கு’ என்றால் யாருக்கும் விளங்கும்.

கணினி நினைவகத்தில் எதிரிணையாக நிற்பது ‘வர்ச்சுவல்’. அதற்கு ‘மெய்நிகர்’ என்னும் சொல் வேரூன்றிவிட்டது. நிரல் காண்பது மெய்நிகர் முகவரியையே; சில்லில் உள்ள உண்மையான இடத்தின் முகவரி வேறு. இரண்டு நிரல்கள் ஒரே முகவரி எண்ணைக் குறிப்பிட்டாலும், அவற்றின் தரவு நினைவகச் சில்லில் வெவ்வேறு இடங்களில் இருக்கக்கூடும். 1995இல் வந்த பென்டியம் புரோ என்னும் இன்டெல் செயலியில் நிரல் காணும் முகவரி 32 பிட், சில்லில் உள்ள இடத்தைச் சுட்டும் முகவரி 36 பிட். இவ்விரண்டையும் வாசகர் குழப்பிக்கொள்ளாதிருக்க வேண்டுமானால், சொற்களும் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க வேண்டும்.

மெய்நிகருக்கு எதிராக ‘மெய்’ என்றே வைத்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். உடல், உண்மை என்னும் இரு பொருளையும் ஒருங்கே தாங்கும் அழகான சொல் அது. ஆயினும் ‘ரியல்’ என்பதற்கு மெய்யெண், மெய்பிம்பம் என்று அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இன்டெல் செயலிகளில் ‘ரியல் மோட்’ என்று தனியாக ஓர் இயக்க முறையும் உண்டு. அதைவிடப் பெரிய தடை வன்வட்டில் இருக்கிறது. ஒரே வட்டைச் சி, டி என்று இரு பிரிவுகளாக்கினால் கையில் எடுக்கக்கூடிய வட்டு ஒன்று, தருக்க முறையில் வகுத்த வட்டுகள் இரண்டு. முதலாவதை மெய்வட்டு என்றால் மற்ற இரண்டும் பொய்யாகிவிடும். அவற்றில் நம் கோப்புகள் உண்மையாகவே இருக்கின்றன.

ஆகவே ‘பருநிலை’ என்பதை முன்மொழிகிறேன்: பருநிலை நினைவகம், பருநிலை முகவரி, பருநிலை வட்டு. பருப்பொருள் என்பது பள்ளிப் பாடத்திலிருந்தே நமக்குப் பழக்கமான சொல். இலக்கியத் திறனாய்வில் வழங்கும் ‘பருண்மை’ என்பது ‘ஃபிசிக்காலிட்டி’ என்னும் பெயர்ச்சொல்லுக்கும் உதவும். ‘பரு’ என்று மட்டும் நின்றால் முகப்பருவும் பருமனும் நினைவுக்கு வரும் என்ற அச்சம் நியாயமானதே; ‘நிலை’ சேர்த்தது அதற்காகத்தான். இலங்கை நண்பர்கள் ‘பௌதிக வளம்’ என்பதுபோலப் ‘பௌதிக’ என்பதை இயல்பாக ஆள்கிறார்கள். ஐம்பூதம் என்பதில் வரும் ‘பூதம்’ என்பதிலிருந்து பிறந்த அச்சொல் பொருளிலும் பொருந்துகிறது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இன்று அது அயலாகிவிட்டது என்பது மட்டுமே என் தயக்கம்.

ஓர் இடத்தில் மட்டும் என் முன்மொழிவு எனக்கே நிறைவளிக்கவில்லை. கணினி வலையமைப்பின் செயல்பாட்டை அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளில் அடியில் உள்ள ‘ஃபிசிக்கல் லேயர்’ கம்பியையும் இணைப்பியையும் மட்டுமன்றி மின்னழுத்தம், ஒளித்துடிப்பு, வானொலி அலை ஆகியவற்றையும் வரையறுக்கிறது. அலையைப் பருநிலை என்று சொல்ல மனம் வரவில்லை. அங்கே கையாளப்படுவது இயற்பியல் நிகழ்வுகளே என்பதால், அந்த ஓர் அடுக்குக்கு ‘இயற்பியல் அடுக்கு’ என்பதை ஏற்கலாம் என்று எண்ணுகிறேன். வலையமைப்புத் துறையில் பணியாற்றுவோர் இதில் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.